அக்கரைக்கு ஒரு கனைப்பு

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் புதுப்பெண் நஸ்ரினும் மெல்போர்ன் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஸ்வெட்டருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, யாரோ திட்டிவிட்ட மாதிரி நிற்கிறீர்கள். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அந்த போனில் எனக்கு அதற்கு மேல் எதுவும் வருவதில்லை. பேசலாம் என்றால், நீ "சாப்பிட்டீங்களா அத்தா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன். பிறகு இரண்டு பேரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். நானே படம் பிடித்து அனுப்பப் பார்க்கிறேன். தலைகீழாக வந்தால் போனைத் திருப்பி வைத்துப் படித்துக்கொள்.

ஏர்போர்ட்டில் நீ ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நஸ்ரின் தன் வீட்டாரிடம் அழுது விடைபெற்றுக்கொண்டிருந்தபோது, நீ டிராலியை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அத்தா, எங்களோட வந்துடுங்க. பாத்துட்டுப் போறதுக்கு இல்ல. ஒரேயடியா. விசாவுக்கு நான் எழுதிப் போடணும். வரீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." நான் தொண்டையைக் கனைத்தேன். நீ காத்திருந்தாய். இன்னொரு தடவை கனைத்தேன். "சரி அத்தா, புரியுது" என்று சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாய். என்ன புரிந்தது உனக்கு? நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் உன்மேல் கோபம், பிறகு என்மேல் கோபம், கடைசியில் ஆட்டோக்காரர்மேல் கோபம். அவர் பாவம், ஒன்றும் பேசாமல் வந்தார்.

உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவன், எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் வருவேன்.

கனைப்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் வீட்டு ஆண்களுக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் பாஷை. வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கனைப்பு, பசித்தால் ஒன்று, சம்மதம் என்றால் ஒன்று, சம்மதமில்லை என்றாலும் அதேதான். உன் அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். நான் கூடத்திலிருந்து கனைப்பேன். அவள் கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள். "மனுஷன்னா வாயத் திறந்து என்னான்னு கேக்கணும். குதிரையா நீங்க?" என்பாள். பிறகு அவளே, "ராவுத்தர் வீட்டுல வாக்கப்பட்டா குதிரையோடதான் குடும்பம் நடத்தணும் போல" என்று சொல்லிச் சிரிப்பாள். நம் பெயருக்குப் பின்னால் ராவுத்தர் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் குதிரைக்காரன் என்று அர்த்தம். குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லாகக் கனைப்பு என்று வைத்தவர்கள் நம் வீட்டைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்பது அவள் கட்சி.

அந்தக் குதிரைக் கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். கேட்கும்போதெல்லாம் உனக்குப் பரீட்சை இருந்தது. இப்போது முழுவதும் கேள்.

நவாபு நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போட்ட காலம். ஒருவர் மலைக்கோட்டையை வைத்துக்கொண்டு திருச்சிக்குள் இருந்தார். மற்றவருடைய படை ஸ்ரீரங்கத்தில் இறங்கியிருந்தது. நடுவில் காவிரி. வெளிநாட்டு வியாபாரிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு பீரங்கியைத் தூக்கி வந்தார்கள். ஆனால் அடித்துக்கொண்டது பெரும்பாலும் நம் ஆட்களும் நம் ஆட்களும்தான். குதிரைப்படையில் யாரையும் பிடித்து இழுத்துப் போய்ச் சேர்க்கவில்லை. குதிரை வைத்திருந்தவன் தானாகப் போனான். சொந்தக் குதிரை, சொந்த வாள், சொந்தச் சேணம். தினப்படிக் காசை மட்டும் படை கொடுக்கும், கொடுத்தால். குதிரை செத்துவிட்டால் அவனும் படையில் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து போக வேண்டியதுதான். அதனால் ஒவ்வொருவனும் தன் உயிரைவிடக் குதிரையின் உயிரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான். 'பாய்ந்து தாக்கு' என்று உத்தரவு வந்தால், முதலில் தரையைத்தான் பார்ப்பார்களாம், கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று.

நம் முன்னோர் அண்ணன் தம்பி இரண்டு பேர். திருவெள்ளறைப் பக்கம் குதிரை வளர்த்து விற்றவர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே பெட்டைக்கு அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு குதிரைகள் ஆளுக்கொன்று. அண்ணன் ஏதோ வேலையாகக் குதிரையோடு திருச்சிக்கு வந்திருந்தபோது கோட்டைக் கதவை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள், அவர் சேர்ந்தார். தம்பி ஊரில் இருந்தார். வடக்கிலிருந்து வந்த படை ஊர் வழியாகப் போனது. அவர்கள் கேட்டார்கள், இவரும் சேர்ந்தார். எந்த நவாபு நல்லவர் என்று இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யார் எந்தக் கரையில் இருந்தார்கள் என்பதுதான் கணக்கு.

என் அத்தா இந்தக் கதையைச் சொன்னால் வாள்வீச்சே வராது. கொள்ளுதான் வரும். கொள்ளு கிடைக்கவில்லை, புல் கிடைக்கவில்லை, கூரை வைக்கோலைப் பிடுங்கிக் குதிரைக்குப் போட்டார்கள், வீட்டுக்காரர்கள் திட்டினார்கள், இப்படியே போகும். நெல் வண்டிகளுக்குக் காவலாகப் போவதும், எதிரியின் நெல் வண்டியை மறிப்பதும்தான் அந்தக் குதிரைப்படை செய்த வேலையில் முக்கால்வாசி. உன்னை மாதிரியே நானும் சின்ன வயதில், "எத்தனை பேரை வெட்டினாங்க?" என்று கேட்டேன். "அவரு யாரை வெட்டுனாரோ தெரியாது. குதிரைக்குக் குளம்பு வெட்டத் தெரியும்" என்றார் அத்தா. எனக்கு ரொம்ப ஏமாற்றமாக இருந்தது.

சாயங்காலம் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் சுடுவதில்லை. குதிரை எல்லாருக்கும் குதிரைதானே. அண்ணன் இந்தக் கரையில் இறங்குவார், தம்பி அந்தக் கரையில். இவர் குதிரை தலையைத் தூக்கிக் கனைக்கும். அக்கரையிலிருந்து அவர் குதிரை பதிலுக்குக் கனைக்கும். ஒரே வயிற்றில் பிறந்தவை, வாசனையோ குரலோ எதையோ தெரிந்துகொண்டன. ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிப் படையில் உடன்பிறந்தவன் இருப்பது தெரிந்தால் உளவாளி என்று பிடித்துவிடுவார்கள். குதிரைகள் பேசிக்கொள்ளும், இவர்கள் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அந்தத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. அக்கரையிலிருந்து வாயைத் திறந்து, "அண்ணே!" என்று கூப்பிட்டுவிட்டார். அண்ணனுக்குப் பக்கத்தில் அவருடைய மேலதிகாரி ஜமேதார் நின்றிருந்தார். "யாருய்யா அவன்? ஒன் ஆளா?" என்று கேட்டார். அண்ணன் கனைத்தார். "தெரியாதுங்க" என்றார். குதிரை மட்டும் விடாமல் கனைத்துக்கொண்டே இருந்ததாம், கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்ததாம். மறுநாள் சாயங்காலம் அக்கரையில் அந்தக் குதிரை இல்லை. அடுத்த நாளும் இல்லை. தம்பி செத்தாரா, குதிரை செத்ததா, படையை விட்டே போனாரா, யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்த பிறகு அண்ணன் ஊருக்குத் திரும்பவில்லை. அதே கரையில், இப்போது சிந்தாமணி என்கிறோமே, அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாம் திருச்சிக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

இதெல்லாம் நிஜமாக நடந்ததா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டு மாப்பிள்ளை குதிரையோடு காவிரிப் படித்துறையில் நின்று, குதிரை அக்கரையைப் பார்த்துக் கனைத்த பிறகுதான் நிக்காஹுக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் நிஜம். அதை உன் கல்யாணத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் அடம்பிடித்ததும் நிஜம். பள்ளிவாசல் ஹஜ்ரத் முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் மார்க்கத்துல இல்லீங்களே பாய்" என்றார். "மார்க்கத்துல இல்ல ஹஜ்ரத். எங்க வீட்டுல இருக்கு" என்றேன். நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார்.

நான் வேலையில் இருந்தபோது அக்கரையைக் கூப்பிட என்னிடம் ஒரு சொந்த வழி இருந்தது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்ரீரங்கம் போகும்போது பாலத்தின் நடுவில் ஒரு ஹார்ன் அடிப்பேன். முன்னால் மாடு இருக்காது, ஆள் இருக்காது, சும்மா ஒன்று. கண்டக்டர் வரதன் ஸ்ரீரங்கத்துக்காரர், எதையும் கேட்காமல் விடமாட்டார். "யாருக்கு பாய் ஹார்ன்?" என்றார். "அக்கரையில ஒரு ஆள் இருக்காரு. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்காரு" என்றேன். அதன்பிறகு நான் மறந்தால்கூட அவர் விசில் ஊதி ஞாபகப்படுத்துவார். இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ பயணிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறோம்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். நீ ராட்டினத்தில் ஏறி அழுத பிள்ளை. குதிரை உன்னைத் தள்ளிவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் துறையூரிலிருந்து குதிரையை வாடகைக்குப் பேசும்போது, இருப்பதிலேயே ரொம்ப சாதுவானது வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். வெள்ளைக் குதிரை, மினி லாரியில் வந்து இறங்கியது, பார்க்க ராணி மாதிரிதான் இருந்தது. நீ ஏறி உட்கார்ந்தாய். படித்துறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போனது. எல்லாரும் காத்திருந்தோம். அது வாலை ஆட்டியது, தண்ணீர் குடித்தது, உன் ஷெர்வானியில் மூக்கைத் துடைத்தது. கனைக்கவில்லை. மன்னார்புரத்து மண்டபத்திலிருந்து மாற்றி மாற்றி போன் வந்துகொண்டிருந்தது. குதிரைக்காரரைக் கேட்டால் அவர் பெருமையாகச் சொல்கிறார்: "இது கனைக்காதுங்க பாய். பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் வாயத் தொறக்காது. அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன். அதுக்காகத்தானேங்க எல்லாரும் இதையே கேக்குறாங்க?"

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வாயைத் திறக்காத குதிரையைத் தேடிப் பிடித்து, கனைக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நம் வீட்டு ஆளைத் தவிர வேறு யார் இந்தக் காரியத்தைச் செய்வான்! அப்போதுதான் உன் மச்சான் படியில் இறங்கிப் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று, தன் போனில் எங்கிருந்தோ ஒரு குதிரைக் கனைப்பை எடுத்துச் சத்தமாகப் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் குதிரை காதை விடைத்தது. தலையைத் தூக்கி, அக்கரையைப் பார்த்து, உடம்பெல்லாம் நடுங்க ஒரு கனைப்புக் கனைத்தது பார். நீ பயந்துபோய் அதன் பிடரியைக் கட்டிக்கொண்டாய். குதிரைக்காரர், "இதுவரைக்கும் இப்படிச் செஞ்சதே இல்லீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் மினி லாரிக்குப் பின்னால் போய்விட்டேன். நீ இறங்கி வந்து பார்த்து, "அம்மா ஞாபகமா அத்தா?" என்று கேட்டாய். நான் கனைத்துவிட்டு, "தூசிடா" என்றேன். அம்மா ஞாபகமும்தான். ஆனால் அழுதது அதற்கு இல்லை. போனுக்குள்ளிருந்து வந்தது யார் குரல் என்று அந்தக் குதிரைக்குத் தெரியாது. யாரோ கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். பழக்கி மூடிய வாயை அது திறந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

நீங்கள் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கல்யாணத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் கூடத்தில் அடுக்கியபடியே இருக்கின்றன. எனக்கு உட்கார ஒன்று போதும். வெளியே போய்விட்டு வந்து வாசலில் பழக்கத்தில் கனைக்கிறேன். உள்ளேயிருந்து, "வந்தாச்சா குதிர?" என்று கேட்க அவள் இல்லை. சும்மா இருக்க முடியாமல் பகலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து ஏறிக்கொள்கிறேன். போய்விட்டு, இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். ஒருநாள் பாலத்தில் டிரைவரிடம், "தம்பி, ஒரு ஹார்ன் அடிங்களேன்" என்று கேட்டுவிட்டேன். "ரோடு சும்மாதானே பெரியவரே இருக்கு? எதுக்கு?" என்றார். நான் கனைத்தேன். எனக்குத் தனியாக இருக்கிறது, மகனே. நல்லா இருக்கேன் என்று உன்னிடம் ஒவ்வொரு முறையும் சொன்னது பொய். ராத்திரிச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன், உட்கார்ந்தால் எதிரில் ஆள் இல்லாதது தெரிகிறது.

வரதன் போன வருஷம் பூனாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெருமாளை விட்டுவிட்டு எப்படியய்யா போகிறீர் என்று நான் அவரைக் கிண்டல் செய்தேன். நேற்று அவருக்கு போன் போட்டு, "எப்படி வரதன் போனீங்க? யோசிக்கவே இல்லையா?" என்றேன். "என்ன யோசனை பாய்? பொண்ணு கூப்ட்டா. கேட்டுது. வந்துட்டேன்" என்றார். அவர் சொன்னபோது அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது.

உன் அம்மாவை அடக்கிய கபர் இங்கே இருக்கிறது. அங்கே போய்விட்டால் வெள்ளிக்கிழமை யார் போய் நிற்பார்கள் என்பதுதான் என்னைத் தடுத்தது. இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து போனேன். யாஸீன் ஓதிவிட்டு, நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் கனைத்தேன். அவள் இருந்திருந்தால் கரண்டியும் கையுமாக என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நஸ்ரின் விஷயத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கனைக்காதே. எழுந்து போ. முடியாவிட்டால், "என்னம்மா?" என்று வாயைத் திறந்து கேள். நீ பேசாமல் இருந்தாலும் அவளுக்குப் புரியும் என்று நினைக்காதே. எனக்கு அது புரிவதற்குள் உன் அம்மா போய்விட்டாள். அவளாவது சிரித்துச் சமாளித்தாள். இந்தப் பெண் பிறந்து வளர்ந்த ஊரை விட்டு உன்னை நம்பி அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

கடைசி ஸ்டாப் வந்துவிட்டது. அந்த அண்ணன் அன்றைக்கு இந்தக் கரையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலை போயிருந்தாலும் போயிருக்கும். எனக்கு என்ன போகிறது? என் பக்கத்தில் எந்த ஜமேதார் நிற்கிறான்? நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது, மகனே. ஏர்போர்ட்டிலேயே கேட்டது. விசாவுக்கு எழுதிப் போடு.

வருகிறேன்டா.

உன் அத்தா